என் மனுசன் வழிநடத்திய தூசி

என் மனுசன் ஊரில் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையில் ஆங்கிலத்துக்கு ‘டி’, அதாவது ஆக உயர்ந்த மார்க், எடுத்தவர். இதை நான் சொல்ல வேண்டியதில்லை, அவரோடு ஐந்து நிமிடம் கதைத்தால் அவரே சொல்லிவிடுவார். நான் ‘எஸ்’, தப்பிப் பாஸான ஆள். அதையும் அவரே சொல்லிவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒரு பழைய கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருந்தோம். அந்தக் கட்டடத்துத் தமிழ்ச் சனத்துக்கு வருகிற ஆங்கிலக் கடிதங்களில் பாதியை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் உடைப்பார்கள். இமிக்கிறேசன் கடிதம், பள்ளிக்கூடத்துக் கடிதம், வீட்டுக்காரன் வெருட்டி எழுதிய கடிதம். இவர் கண்ணாடியைப் போடுவார். ஒருமுறை கனைப்பார். “இதிலை என்ன சொல்லுறான் எண்டால்...” என்று தொடங்குவார். பொய் சொல்லக்கூடாது, அநேகமாகச் சரியாகத்தான் சொல்வார். நான் எழுதப் போவது அந்த ‘அநேகமாக’வுக்குள் அடங்காத ஒரு கடிதத்தைப் பற்றி.

அப்போது இவருக்குப் போத்தல் மூடி வார்க்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. பக்கத்து மெசினில் நின்றவர் ஒரு வெள்ளைக்காரர். ஐம்பது வயதுக்கு மேல், தாடிக்குள்ளே முகத்தைத் தேட வேண்டும். பனிக்குள் இவர் பஸ்ஸுக்கு நின்று விறைப்பதைக் கண்டு ஒருநாள் தன் ட்ரக்கை நிறுத்தி ஏற்றினார். பிறகு தினமும் ஏற்றினார். கனடாவுக்கு வந்து நாலு வருசத்தில் என் மனுசனுக்குக் கிடைத்த முதல் வெள்ளைச் சிநேகிதம் அது. வீட்டில் அதைப் பற்றிப் பேசிய பேச்சு! “இண்டைக்கு எங்கடை ஆள் என்ன சொன்னவர் தெரியுமே?” என்று தொடங்கினால் சோறு ஆறும்வரை முடியாது.

அந்த ஆளுக்கு வேட்டைப் பழக்கம் இருந்தது. இலை கொட்டும் காலத்தில் மான் சுடப் போவார். மற்ற நாட்களில் எங்கேயோ ஒரு கிளப்பில் குறிபார்த்து மட்டையைச் சுடுவார். சுட்டபின் விழுகிற பித்தளைக் கோதுகளை எறிய மாட்டார். பொறுக்கி, துப்புரவாக்கி, திரும்ப வெடிமருந்தும் குண்டும் அடைத்து, திரும்பச் சுடுவார். அந்தக் குளிர்காலம் ஐஸில் சறுக்கி வலக்கை மணிக்கட்டு சுளுக்கிவிட்டது. ட்ரக் ஓட்டுவார், ஆனால் ஒன்றையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. ஒரு வாளி கோது அழுக்கோடு கிடக்கிறதே என்று சாப்பாட்டு வேளையில் இவரிடம் கவலைப்பட்டிருக்கிறார்.

என் மனுசன் சும்மா இருந்தாரா? “பித்தளையோ? பித்தளை எண்டால் எங்களிட்டை விடு. எங்கடை ஊரிலை வீட்டுக்கு வீடு பித்தளைதான்” என்று ஆங்கிலத்தில் விளாசிவிட்டு வந்திருக்கிறார். தன் சீவியத்தில் ஒரு குத்துவிளக்கைக்கூட மினுக்கி அறியாத மனுசன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கு வெள்ளி பழப்புளி போட்டு விளக்கு மினுக்குவது யார் என்று நினைக்கிறீர்கள்?

சனிக்கிழமை இவர் கொண்டுவந்து இறக்கியவை மூன்று: மூடி போட்ட பெயின்ற் வாளி ஒன்று, மின்சாரத்தில் ஓடுகிற பெரிய சட்டி மாதிரி ஒரு மெசின், ஒரு பை சோளப்பொத்தித் தூள். நான் வாளியின் மூடியைத் திறந்தேன். ஊரில் ஹெலிகொப்டர் வந்து சுட்டுவிட்டுப் போனால் மறுநாள் கிணற்றடியில் கிடந்து மினுங்குகிற அதே சாமான். ஆமி வந்து கண்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் வேலிக்கரையில் குழி தோண்டி மூடியிருக்கிறேன்.

“இதென்ன கோதாரி?”

“கேஸ்.”

“என்ன கேஸ்?”

“பிராஸ் கேஸ். வெறுங்கோதப்பா. மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. பயப்பிடாதையும்.”

“எங்கடை கேஸே இன்னும் முடியேல்லை. அதுக்குள்ளை வாளியிலை வேறை கேஸ் கொண்டு வாறியள்!”

எங்கள் அகதிக் கோரிக்கை அப்போது எங்கேயோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. கட்டடத்தில் எவர் ‘கேஸ்’ என்றாலும் அது ஒன்றுதான். இவர் என் பகிடியைக் கவனிக்கவில்லை. வாளிக்குள் கிடந்த ஒரு துண்டுக் கடதாசியை எடுத்தார். சிநேகிதர் சுளுக்கிய கையால், கோணல் மாணலாக, பெரிய எழுத்தில் மூன்று வரி எழுதியிருந்தார். கண்ணாடி ஏறியது. கனைப்பு வந்தது.

“இதிலை என்ன சொல்லுறான் எண்டால், முதலாவது, மெசினை மூடியோடை ஓட்டவேணும். ரண்டாவது, மூண்டு மணித்தியாலம் ஓட்டவேணும். மூண்டாவது, கொன்ரோல் லீட் டஸ்ட்.”

“எண்டால்?”

“லீட் எண்டால் வழிநடத்திறது. லீடர் எண்டு சொல்லுறேல்லையே? தூசி வரும். அதைக் கண்டபடி பரவ விடாமல் கட்டுப்படுத்தி, வழிநடத்திக்கொண்டு போய் வெளியிலை விடவேணும். இங்கிலிஸ்காரன் எவ்வளவு சுருக்கமாய்ச் சொல்லுறான் பாத்தீரே? மூண்டே மூண்டு சொல்லு.”

இப்போது நான் எவ்வளவு பகிடி பண்ணினாலும், அன்றைக்கு எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

எங்கள் மகளுக்கு அப்போது பதினொரு மாதம். தவழுகிற பருவம். வீட்டுத் தரை மரத்தட்டு, அதற்கு மேல் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு காபெற். அந்தக் காபெற்தான் அவளுடைய இராச்சியம். புட்டுத் துகள், நூல், பொத்தான், கிழிந்த பேப்பர், எது அகப்பட்டாலும் முதலில் வாய்க்குப் போகும், பிறகுதான் அது என்னவென்று பார்ப்பாள். நாளுக்குப் பத்துத் தரம் அவளுடைய வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டுவது என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை மெசின் ஓடத் தொடங்கியது. சோளத் தூளுக்குள் கோதுகளைப் போட்டு மூடியை இறுக்கிவிட்டால், அது புர்ர்ரென்று நடுங்கிக்கொண்டே இருக்கும். தூள் கோதில் உரசி உரசி அழுக்கை எடுக்கும். மூன்று மணித்தியாலம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இவர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார், பிரசவ அறைக்கு வெளியே இருக்கிற மாதிரி. என் மகள் பிறந்தபோது இவ்வளவு நேரம் இருக்கவில்லை, வேலைக்குப் போய்விட்டார்.

ஓடி முடிந்ததும் தூளையும் கோதையும் பிரிக்க வேண்டும். அதற்கு இவர் எடுத்தது என் அரிதட்டை.

“அது நான் இடியப்பத்துக்கு மா அரிக்கிறது!”

“கழுவித் தாறன்.”

பல்கனிக் கதவை ஒரு சாண் திறந்தார். அதற்கு முன்னால் காபெற்றில் பழைய பேப்பர் விரித்தார். தன் முதுகுக்குப் பின்னே மேசை ஃபானை வைத்தார். ஃபான் தூசியைத் தள்ளும், தூசி கதவால் வெளியே போகும். வழிநடத்தல் என்றால் இதுதான். ஆனால் மாதம் ஜனவரி, மாடி பதினொன்று. வெளியே நின்ற காற்றுக்கு எங்கள் மேசை ஃபானில் ஒரு மரியாதையும் இல்லை. அரிதட்டை முதல் குலுக்குக் குலுக்கியதும் சாம்பல் நிறத்தில் ஒரு புகை எழும்பியது, கதவுவரை போனது, கொஞ்சம் நின்று யோசித்தது, பிறகு திரும்பி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இவருடைய மீசை நரைத்துப் போனது. குளிரில் மூக்கு ஒழுகியது.

“தூசி லீடரின்ரை சொல்லுக் கேக்குதில்லையப்பா” என்றேன்.

“முதல் நாள் அப்பிடித்தான்” என்றார்.

குளிருக்குப் பயந்து மகளை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன். அந்த ஒரு புத்தி எனக்கு இருந்தது. பிறகு தும்புத்தடியால் நன்றாக அடித்துக் கூட்டினேன், வக்கூம் பிடித்தேன். வீடு துப்புரவு என்று திருப்தியோடு மகளைக் கொண்டுவந்து காபெற்றில் விட்டேன்.

சிநேகிதருக்குக் கோதுகள் பிடித்துவிட்டன. “உம்மடை மனுசன் ஒரு ஆர்ட்டிஸ்ட்” என்று சொல்லச் சொன்னாராம். என்னிடம் சொல்லச் சொன்னாரோ, இவரே சேர்த்துக்கொண்டாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அடுத்த கிழமை இன்னொரு வாளி வந்தது. அடுத்த ஞாயிறும் தூசியை வழிநடத்தினார். அதற்கடுத்த ஞாயிறு ஆர்ட்டிஸ்டுக்கு மெசின் மினுக்கம் போதவில்லை. “விளக்கு மாதிரி வரேல்லை” என்று சொல்லி என் அலுமாரியில் இருந்து அரைக் கட்டிப் பழப்புளியைத் தூக்கினார். குசினித் தொட்டியில் தண்ணீரை விட்டு, புளியைக் கரைத்து, கோதுகளைக் கொட்டப் போனார்.

“அதுக்குள்ளைதான் பிள்ளையின்ரை பால்போத்தில் கழுவுறனான்!”

வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

“அதுக்குள்ளைதான் பிள்ளையைக் குளிப்பாட்டுறனான்!”

பல்கனிக்குப் போனார். புளித்தண்ணீர் விளிம்பில் உறையத் தொடங்கவே, விரல்களை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். கடைசியில் தொட்டியிலும் இல்லாமல் குளியலறையிலும் இல்லாமல், அறைக்குப் போகிற நடையில் குந்தியிருந்து வாளிக்குள்ளேயே கழுவி முடித்தார். வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், கோதுகள் தங்கம் மாதிரி மினுங்கின.

மகளுக்கு ஒரு வயது ஊசி போட வேண்டி வந்தது. இவர் வேலைக்குப் போய்விட்டார், நான் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கிளினிக்குக்குப் போனேன். ஊசிக்கு முன் நேர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்விமேல் கேள்வி. என்ன சாப்பிடுகிறாள், எத்தனை மணிக்குத் தூங்குகிறாள். பிறகு, “வீட்டில் யாராவது லெட்டோடு வேலை செய்கிறார்களா?”

எனக்குத் தெரிந்த ‘லெட்’ பென்சிலுக்குள் இருப்பது. “இல்லை, நாங்கள் பேனைதான்” என்றேன்.

நேர்ஸ் சிரிக்கவில்லை. பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். பழைய பெயின்ற் சுரண்டுகிறீர்களா, கார் பற்றரி உடைக்கிறீர்களா, துவக்குக் குண்டு வார்க்கிறீர்களா?

“குண்டு இல்லை. கேஸ் மட்டும். என் கணவர் கேஸ் கிளீன் பண்ணுகிறார்.”

“என்ன கேஸ்?”

“வெறும் கேஸ். மெசினில் போட்டு ஆட்டுவார். பிறகு அரிதட்டில் அரிப்பார்.”

அவர் பேனையை வைத்துவிட்டுக் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார். படிவத்தின் ஓரத்தில் ஒரு சொல்லை எழுதி என் பக்கம் திருப்பினார். நாலே நாலு எழுத்து. வாளிக்குள் கிடந்த கடதாசியில், கோணல் எழுத்தில், நான் மூன்று கிழமையாகப் பார்த்த அதே நாலு எழுத்து.

“லீட்” என்று வாசித்தேன்.

“லெட்” என்றார் நேர்ஸ்.

“லீட் டஸ்ட்?”

“லெட் டஸ்ட்.”

அவருடைய தகப்பனும் வேட்டைக்காரராம், அதனால் எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். கோதின் அடியில் நெருப்புப் பற்ற வைக்கிற மருந்து கொஞ்சம் இருக்கும். அந்த மருந்துக்குள் இந்த லெட் இருக்கிறது. சுட்டதும் அது மாவாகிக் கோதுக்குள் ஒட்டிக்கொள்ளும். மெசினில் ஆட்டினால் சோளத் தூளோடு கலக்கும், அரித்தால் பறக்கும். கண்ணுக்குத் தெரியாமல் தரையில் படியும். பெரிய ஆட்களுக்கே கூடாது, தவழுகிற பிள்ளைக்கு மோசமான நஞ்சு, மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்றார். தும்புத்தடியால் கூட்டினீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். வக்கூம் பிடித்தீர்களா? ஓம். இரண்டும் தூசியைத் திரும்பக் கிளப்புகிற வேலை, ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும் என்றார். மகளுக்கும் எனக்கும் அப்போதே இரத்தம் எடுத்தார்கள். அந்தச் சின்னக் கையில் நரம்பு கிடைக்கவில்லை, இரண்டு தரம் குத்தினார்கள். இவரையும் வரச் சொன்னார்கள். பதில் வரப் பத்து நாளாகும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மகள் என் சங்கிலியைச் சப்பிக்கொண்டு வந்தாள். நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவே பயந்தேன். இந்த மூன்று கிழமையில் அவள் வாயில் வைத்தவை எத்தனை என்று எண்ணிக்கொண்டே வந்தேன். கோபமில்லை அப்போது, வெறும் பயம். கோபம் இவர் வேலையால் வந்து கதவைத் திறந்தபோதுதான் வந்தது.

“லீட் இல்லையாம். லெட்டாம்.”

“ஆர் சொன்னது?”

“கிளினிக்கிலை நேர்ஸ்.”

“அவவுக்கு என்ன தெரியும்?” என்று சொல்லிக்கொண்டே தடித்த ஆங்கில அகராதியை எடுத்தார். விரலை எச்சில்படுத்திப் புரட்டினார். “இந்தா, பாரும். வழிகாட்டு, நடத்து, முன்செல். நான் என்ன சொன்னனான்?” என்றார். அதோடு மூடியிருப்பார். நான் விரலைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அதே நாலு எழுத்து இன்னொரு தரம் போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரேயொரு சொல்: ஈயம்.

இவர் அந்தச் சொல்லை இரண்டு தரம் வாசித்தார். பிறகு பெரிதாய் ஒரு மூச்சு விட்டார். “சீ, ஈயமே! நான் என்னவோ எண்டு பயந்திட்டன். கிடாரத்துக்கு ஈயம் பூசித்தானே எங்கடை சனம் காலங்காலமாய்ச் சமைச்சுச் சாப்பிட்டது? ஈயம் நல்லதெல்லே!”

“பேய்க்கதை கதையாதையுங்கோ. கிடாரத்துக்குப் பூசுறது வெள்ளீயம். இது காரீயம். நஞ்சு. நான் ‘எஸ்’ எடுத்தது இங்கிலிசுக்கு, சயன்ஸுக்கில்லை.”

இவர் கதிரையில் இருந்தார். காபெற்றைப் பார்த்தார். அதில் மகள் இவரைக் கண்ட புளுகத்தில் துள்ளிக்கொண்டு நாலு காலில் வந்துகொண்டிருந்தாள். வாயில் எதையோ மென்றபடி. நான் பாய்ந்து அவளைத் தூக்கினேன். என் வாய்க்கு வந்த அத்தனையும் அப்போதுதான் வந்தது.

“குண்டுக்குப் பயந்து பிள்ளைகுட்டி பெறாமல் இருந்து, கடல் தாண்டி, ஆகாயம் தாண்டி, இஞ்சை வந்து ஒண்டைப் பெத்தம். அந்தக் குண்டின்ரை கோதை நீங்களே வாளியிலை அள்ளி வந்து, மாவரிக்கிற அரிதட்டிலை அரிச்சு, என்ரை பிள்ளையின்ரை தலையிலை கொட்டியிருக்கிறியளே! உங்களுக்கு என்ன விசரே?”

இவர் அகராதியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ‘டி’யைப் பற்றி அன்றைக்குப் பேச்சில்லை.

அடுத்த நாள் மாலை சிநேகிதர் மெசினை எடுக்க வந்தார். இவர் நடந்ததைச் சொன்னார். தாடிக்கு மேலே தெரிந்த கொஞ்ச முகமும் சிவந்துவிட்டது. அவர் இந்த வேலையை வளவின் கோடியில் இருக்கிற கொட்டிலில், முகமூடி கட்டி, தூளைக் கொஞ்சம் நனைத்துத்தான் செய்வாராம். பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கமே விடுவதில்லையாம். எழுதினேனே, எழுதினேனே என்று இரண்டு தரம் சொன்னார். எழுதினதுதான், நாங்கள் வாசித்தும் விட்டோம் என்று அவருக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவேன்? நனைத்துச் செய்தால் தூசி பறக்காது என்று அவர் சொன்னபோது, இவர் என் பக்கம் மெல்லத் திரும்பி, “அப்ப பழப்புளி பிழையில்லை” என்றார். நான் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

கிளினிக்கில் தந்த தாளை வைத்துக்கொண்டு வீட்டைத் துடைத்தோம். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்த பிறகுதான் இவர் வாசித்தார். ‘அண்ட்’ என்ற சொல்லைக்கூடப் பார்த்தார். காபெற்றைப் பிளாஸ்ரிக்கில் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி வெளியே கொண்டுபோனோம். அரிதட்டும் போனது. ஒரு வாளியில் சவர்க்காரத் தண்ணீர், மற்ற வாளியில் நல்ல தண்ணீர். துணி ஒருமுறை துடைத்தால் அதோடு சரி, குப்பைக்கு. இவர் முழங்காலில் நின்று சுவரோரம், கதவு நிலை, ஹீற்றருக்குப் பின்பக்கம் எல்லாம் துடைத்தார். நான் பின்னால் நின்று, “அந்த மூலை, அந்த மூலை” என்று விரட்டினேன். பத்து நாளும் ஏசினேன். சோறு போடும்போது ஏசினேன், படுக்கப் போகும்போது ஏசினேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

ஆனால் அந்தப் பத்து நாளும் இவர் பிள்ளையைத் தொடவில்லை. இரத்தம் கொடுத்து வந்த நாளில் இருந்து ஆள் வேறு மாதிரி. வேலையால் வந்ததும் உடுப்பைத் தனிப் பையில் போட்டுவிட்டுத் தலைமுழுகுவார். தாளில் அவ்வளவுதான் சொல்லியிருந்தது, அதற்குப் பிறகு தூக்கலாம். இவர் தூக்கவில்லை. மகள் “ப்பா, ப்பா” என்று தவழ்ந்து வருவாள், இவர் இரண்டு காலையும் கதிரைக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்வார். எலியைக் கண்ட ஆள் மாதிரி. நான் முதல் நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் சிரிக்க முடியவில்லை. கரண்டியால்தான் சோறு சாப்பிட்டார், தன் கையைத் தானே நம்பாமல்.

ஒருநாள் கீழ்மாடி அங்கிள் ஒரு கடிதத்தோடு வந்தார். “தம்பி, இதிலை என்ன கிடக்கெண்டு பாரும்.”

“கண் கொஞ்சம் சரியில்லை அங்கிள்” என்றார் இவர்.

“கண்ணாடி போட்டிருக்கிறீர்?”

“ஓம் அங்கிள். அதாலையும் சரியாய்த் தெரியேல்லை.”

அங்கிள் கடிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு இவரில் பாவமாக இருந்தது. ஆனால் ஏசுவதை நிற்பாட்டவில்லை.

பதில் வந்துவிட்டது, போனில் சொல்ல மாட்டார்கள், மூன்று பேரும் வாருங்கள் என்றார்கள். போனில் சொல்ல மாட்டோம் என்றால் என்ன அர்த்தம் என்று வழியெல்லாம் யோசித்தேன். இவர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருக்காமல் இரண்டு சீற் தள்ளி இருந்தார்.

டொக்டர் வயதான ஒரு சீனப் பெண்மணி, மெதுவாகப் பேசுகிறவர். மூன்று தாளையும் மேசையில் அடுக்கினார். “மூன்றில் ஒன்றில் ஈயம் கூடவாக இருக்கிறது” என்றார். பிறகு அது எந்தத் தாள் என்று பார்ப்பதற்குக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி கைப்பைக்குள் இருந்தது. கைப்பை மேசைக்குக் கீழே இருந்தது. அவர் குனிந்து எடுத்துப் போடுகிற அந்த நேரத்துக்குள் நான் செத்துப் பிழைத்தேன். மகள் என் மடியில் இருந்து அந்தத் தாள்களைப் பிடித்துத் தின்னப் பார்த்தாள். இவர் சுவரோடு ஒட்டி நின்றார். இருக்கச் சொன்னதற்கும் இருக்கவில்லை.

டொக்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார். “ஹஸ்பண்ட்” என்றார்.

“மீ?” என்றார் இவர்.

“யெஸ். யூ.”

“பேபி நோ?”

“நோ, நோ. பேபி இஸ் ஃபைன். மதர் இஸ் ஃபைன்.”

“ஒன்லி மீ?”

“ஒன்லி யூ.”

இவர் சுவரை விட்டு வந்தார். டொக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். “தாங்க் யூ டொக்டர். தாங்க் யூ. தாங்க் யூ வெரி மச்.” முகம் முழுக்கச் சிரிப்பு. எங்கள் கல்யாணப் படத்திலும் இவர் இப்படிச் சிரிக்கவில்லை.

டொக்டர் பயந்துபோனார். தான் சொன்னது விளங்கவில்லை என்று நினைத்து, இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார். மிஸ்டர், உங்கள் இரத்தத்தில்தான் ஈயம் கூட. தலையிடி வரலாம், வயிற்றுக்குத்து வரலாம். அந்த வேலையை விட்டால் தானாக இறங்கும், ஆனால் திரும்பத் திரும்ப வந்து இரத்தம் குத்திப் பார்க்க வேண்டும். இது விளையாட்டில்லை. இவர், “யெஸ், யெஸ், மை பிளட், ஒன்லி மை பிளட்” என்று தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது, அதைத் துடைக்கவும் இல்லை.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். “இவருக்கு ஆங்கிலம் விளங்குகிறதா? நீங்கள் உங்கள் மொழியில் சொல்லிவிடுங்கள்.”

பத்து நாளாக நிற்காமல் ஏசியது போதும் என்று பட்டது. மடியில் இருந்த மகளைத் தூக்கி இவருடைய கையில் கொடுத்தேன். இவர் பின்வாங்கப் பார்த்தார். “பிடியுங்கோ” என்றேன், பிடித்தார். டொக்டருக்கு நான் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டேன்.

“விளங்கீட்டுது டொக்டர். அவருக்கு எல்லாம் சரியாய் விளங்கீட்டுது.”